காவல் மரபணு

சங்கரன்கோவில் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அறுபத்தோரு பேரின் ரத்தம் கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குக் கை நடுங்கும். பிறகு நடை சுருங்கும். முகம் அசைவை இழக்கும். சட்டைப் பித்தானைப் போட அரை மணி நேரம் ஆகும். பார்க்கின்சன் நோய் இன்னாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது மற்ற இடங்களில் கடினம். இந்தக் குடும்பத்தில் மட்டும் சொல்ல முடிந்தது. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. பிசகு இருந்தால் நோய் வரும், இல்லாவிட்டால் வராது. டாக்டர் விசாலாட்சி பதினோரு வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் அவளுக்கு அறிமுகமானது அவருடைய அப்பாவின் மூலம். கடைசி இரண்டு வருடமும் அப்பாவை அழைத்துக்கொண்டு குன்னூரிலிருந்து மாதம் ஒருமுறை இறங்கி வருவார். ஒரு கரண்டிச் சோற்றை வாயருகே கொண்டுபோய், அப்பா விழுங்கி முடிக்கும்வரை முகம் சுளிக்காமல் காத்திருப்பார். ஐம்பத்தெட்டு வயதில் அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் ஆவுடையப்பன் வருவதை நிறுத்தவில்லை. குடும்பத்தில் யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று ஆய்வுக்கான வம்சாவளிப் படத்தைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான். கணக்கில் அவர் முப்பத்தெட்டாம் எண். அவருக்கும் அந்தப் பிசகு இருந்தது.

மூக்கு வழியாகச் செலுத்தும் தடுப்பு மருந்து புழக்கத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓர் ஆகஸ்டு மாதம் அவரையும் மனைவி கோமதியையும் எதிரில் உட்கார வைத்து விசாலாட்சி விளக்கினாள்.

"மூக்குலயா ஆரம்பிக்கு இந்த நோய்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"உங்க குடும்பத்துல அப்படித்தான். கை நடுங்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, வாசனையை மூளைக்குக் கொண்டு போற இடத்துல ஒரு புரதம் கட்டி தட்ட ஆரம்பிக்குது. அங்கேயிருந்து மெதுவா உள்ளே பரவுது. அந்த வாசல்லயே அதை நிறுத்திடறோம். ஒரே ஒரு தடவை மருந்து. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பயம் இல்லை."

"வாசல அடைச்சுட்டா வேற எதுவும் உள்ள போகுமா?"

விசாலாட்சி அதைச் சுற்றி வளைக்கவில்லை. "பத்துப் பேர்ல ஏழு பேருக்கு வாசனை போயிடுது. திரும்பி வர்றதில்லை."

கோமதி கணவரின் முகத்தைப் பார்த்தாள். ஆவுடையப்பனின் பிழைப்பே மூக்கில்தான் இருந்தது. குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்கிறவர் அவர். ஒரு காலையில் இருநூறு கோப்பை. ஒரு மடக்கு உறிஞ்சுவார், மணத்தை மூக்கு வரை ஏற்றுவார், துப்புவார், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிடுவார். எந்தச் சரிவில் பறித்தது, முந்தின நாள் மழை பெய்ததா, இலை வாடுவதற்கு முன் அவசரப்பட்டு அரைத்துவிட்டார்களா என்பதெல்லாம் அந்த ஒரு மடக்கில் அவருக்குத் தெரியும்.

"இவுகளுக்கு இருபது வருசமா இந்த வேலைதான்மா தெரியும்" என்றாள் கோமதி.

"எங்க அப்பாவுக்கும் எழுத்து வேலைதான் தெரியும். கடைசியில பேனா புடிக்க முடிஞ்சுதா?" என்றார் ஆவுடையப்பன். பிறகு விசாலாட்சியிடம், "எத்தனை நாள் பொறுக்கலாம் டாக்டரம்மா?"

"கட்டி தட்டிடுச்சுன்னா மருந்து பிடிக்காது. நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள போட்டுக்கறது நல்லது."

அவருக்கு நாற்பத்து மூன்று முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகள் சிவகாமிக்கு அரைப் பரீட்சை முடியட்டும் என்று டிசம்பரில் ஒரு தேதி குறித்துக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் கடைசியில் ரெஹானா மடிக்கணினியைத் திறந்தபடியே விசாலாட்சியின் அறைக்குள் வந்தாள். மரபணுத் தகவல்களைக் கணினியில் அலசுவது அவள் வேலை. சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கதவைத் தட்டாமல் அவள் உள்ளே வந்தது அதுவே முதல் தடவை.

"மேடம், பிசகு இருந்தும் நோய் வராத அஞ்சு பெரியவங்க இருக்காங்கல்ல. அறுபது வயசு தாண்டினவங்க."

"ஆமா. தாமதமா வரும்னு எழுதி வெச்சிருக்கோம்."

"வராது மேடம். எழுபத்தெட்டு வயசுல ஒருத்தர் இன்னும் சைக்கிள் ஓட்டறார். அஞ்சு பேருக்கும் வேற ஒரு குரோமோசோம்ல ஒரே மாதிரி ஒரு மாற்றம் இருக்கு. நோய் வந்த ஒருத்தருக்குக்கூட அது இல்லை. அந்தப் புரதம் கட்டி தட்டுறதுக்கு முன்னாடியே இது அதைக் கரைச்சிடுது."

விசாலாட்சி கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபத்தைந்து வருட ஆராய்ச்சியில் இப்படி ஒரு பட்டியல் அவள் கண்ணில் பட்டதில்லை. அந்த மாற்றத்துக்கு அப்போதே மனசுக்குள் பெயர் வைத்துவிட்டாள். காவல் மரபணு.

"இளவயசுல யாருக்காவது இருக்கா?"

"நாலு பேருக்கு இருக்கு. அதுல ரெண்டு பேருக்கு இருபது வயசுகூட ஆகலை. ஒருத்தர் வெளிநாட்டுல இருக்கார். நாலாவது, முப்பத்தெட்டாம் எண்." ரெஹானா அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "குன்னூர்க்காரர். அவருக்கு டிசம்பர்ல தேதி கொடுத்திருக்கோம். அவருக்கு மருந்து தேவையே இல்லை மேடம். சொல்லிடலாமா?"

"அஞ்சு பேரை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? நாம தப்பா இருந்து, அவர் மருந்தை விட்டுட்டு, அப்புறம் நோய் வந்தா?"

"போர்ச்சுகல் குழுகிட்ட இதே பிசகு இருக்கற குடும்பங்கள் நாப்பது இருக்கு. இந்த ஒரு இடத்தை மட்டும் பாக்கச் சொல்லி அனுப்பினா ரெண்டு வாரத்துல உறுதியாயிடும்."

"அனுப்பினா அடுத்த மாசம் அவங்க பேர்ல பேப்பர் வரும்."

ரெஹானா கணினியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விசாலாட்சி குரலைத் தணித்துக்கொண்டாள். "நாலு வருஷ உழைப்பு ரெஹானா. உன்னோடதும்தான். நம்மகிட்ட இருக்கற செல்கள்லயே சோதனை பண்ணி உறுதிப்படுத்துவோம். அஞ்சாறு மாசம் ஆகும். அதுவரைக்கும் இது இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது."

அவசரப்பட்டு ஒரு குடும்பத்துக்கு வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்பது நியாயமான காரணம்தான். எந்த மருத்துவரும் அதை ஒப்புக்கொள்வார். அதைத்தான் விசாலாட்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அந்த வாரம் முழுவதும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. உண்மையிலேயே அது மட்டும்தான் காரணம் என்றால் இத்தனை தடவை சொல்லத் தேவையிருக்காது என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆவுடையப்பனின் தேதியைத் தள்ளிப்போடக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏன் என்று மருத்துவமனையில் கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் பரவும். அவள் கையெழுத்துப் போடவில்லை.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி காலையில் அவள் வார்டைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வராந்தாவில் ஆவுடையப்பன் தனியாக நின்றுகொண்டிருந்தார். மறுநாள் அவருக்கு மருந்து.

"உங்களப் பாக்கத்தான் நிக்கேன் டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"தை மாசம் பனித் தேயிலை வரும். மலையில உறைபனி விழுந்த பிறகு பறிக்கறது. வருசத்துல பத்து நாளுதான் கெடைக்கும். அதோட மணத்த வாயால சொல்ல முடியாது." அவர் சிரிக்க முயன்றார். "அத ஒரு தடவ பாத்துட்டு வரலாமான்னு ஒரு நெனப்பு."

"ரெண்டு மாசத்துல பெரிய வித்தியாசம் வந்துடாது."

"அது இல்ல." அவர் அவளுடைய கண்ணையே பார்த்தார். "நான் நேரா கேக்கேன். இந்த மருந்தத் தள்ளிப் போடறதுக்கோ, வேண்டாம்னு விடறதுக்கோ புதுசா எதாவது காரணம் இருக்கா? உங்க ஆராய்ச்சியில எதாவது வந்திருக்கா?"

பக்கத்தில் சக்கர நாற்காலி ஒன்று கடந்து போயிற்று. அது போய் முடியும்வரை விசாலாட்சிக்கு அவகாசம் இருந்தது. போர்ச்சுகல் குழு ஏதோ பெரிதாக வெளியிடப்போவதாக முந்தின நாள்தான் அவளுக்குச் செய்தி வந்திருந்தது.

"இப்போதைக்குப் புதுசா ஒண்ணும் இல்லை. முடிவு உங்களோடது" என்றாள்.

அவர் தலையசைத்தார். "சரி. அப்பம் நாளைக்கே போட்டுக்கிடுதேன். தள்ளிப் போட்டா பயந்துருவேன்."

கையைக் கூப்பிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் வரை அவள் அங்கேயே நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடும் தூரம்தான்.

மருந்து நன்றாக வேலை செய்தது. அடுத்த மாதப் பரிசோதனைக்கு ஆவுடையப்பன் வந்தபோது உதவியாளர் ஒருவர் கிராம்பு, காப்பித் தூள், மண்ணெண்ணெய் என்று பன்னிரண்டு குப்பிகளை அவர் மூக்கருகே காட்டினார். பன்னிரண்டுக்கும் அவர் உதட்டைப் பிதுக்கினார். விசாலாட்சி அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொண்டாள். அறிக்கையை மட்டும் படித்தாள்.

அதே வாரம் ரெஹானா ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். பெங்களூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். "பேப்பர் வர்ற நேரத்துல போறியே" என்று விசாலாட்சி கேட்டதற்கு, "என் பேர் வேண்டாம் மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தணிந்த குரலில், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். விசாலாட்சி அந்தப் பெயரை எடுக்காமல் இரண்டாம் இடத்திலேயே விட்டுவைத்தாள். அது நேர்மை என்று அப்போது நினைத்தாள்.

கட்டுரை மார்ச்சில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏப்ரலில் கோயம்புத்தூரிலேயே கூட்டம் நடந்தது. பார்க்கின்சன் நோயின் மரபணுக்கள் பற்றிச் சமீபத்திய வேலைகளை ஆய்வாளர்கள் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளும் மூன்று நாள் கூட்டம். பதினெட்டு நாட்டிலிருந்து வந்திருந்தார்கள். விசாலாட்சி பேசி முடித்ததும் அரங்கத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. போர்ச்சுகல் குழுவின் தலைவர் முதல் வரிசையில் எழுந்து நின்றே தட்டினார். பிறகு ஒலிவாங்கியில், "எங்கள் நாற்பது குடும்பங்களிலும் இன்றே பார்த்துவிடுகிறோம். முன்பே கேட்டிருந்தால் முன்பே பார்த்திருப்போமே" என்று சிரித்தபடி சொன்னார். அரங்கமும் சிரித்தது.

பின்வரிசையில் மதுரையிலிருந்து வந்திருந்த வயதான நரம்பியல் மருத்துவர் ஒருவர் கையைத் தூக்கினார். "சின்னக் கேள்விதான் டாக்டர். காவல் மரபணு இருக்கற ஒன்பது பேர்ல யாராவது தடுப்பு மருந்து எடுத்துக்கிட்டாங்களா?"

"ஒருத்தர்" என்றாள் விசாலாட்சி. "இந்த முடிவு உறுதியாகறதுக்கு முன்னாடி."

"ஐயோ பாவம்" என்றார் அவர். உட்கார்ந்துவிட்டார்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மேடையிலிருந்து இறங்கினாள். யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாராட்டுக்கள், புகைப்படங்கள், பூங்கொத்து. எல்லாம் முடிந்து கழிவறையில் முகம் கழுவும்போது, அந்த "ஐயோ பாவம்" யாருக்காகச் சொல்லப்பட்டது என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

மே மாதம் அவள் குன்னூருக்குப் போனாள். முன்கூட்டிப் போனில் சொல்லியிருந்தாள். ஆவுடையப்பன் பேருந்து நிலையத்துக்கே வந்து அழைத்துப்போனார். இப்போது அதே நிறுவனத்தின் கிடங்கில் வேலை பார்ப்பதாக வழியில் சொன்னார். வரும் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுவது, போகும் மூட்டைகளைச் சரிபார்ப்பது. "நின்னுக்கிட்டே செய்யற வேல. கை கால் நல்லாருக்குல்லா, அது போதும்."

வீட்டில் கோமதி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆவுடையப்பனும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று விசாலாட்சியைக் கேட்டார்.

"நல்லா இருக்கு."

"நல்லான்னா? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க. எனக்கு வெந்நி மாதிரிதான் இருக்கு."

அவள் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். காவல் மரபணு என்றால் என்ன என்று சொன்னாள். அது அவருக்கு இருப்பதைச் சொன்னாள். மருந்தே தேவைப்பட்டிருக்காது என்றாள். கடைசியாக, அது அவளுக்குச் செப்டம்பரிலேயே தெரியும் என்றாள். வராந்தாவில் அவர் கேட்டபோதும் தெரியும். வேறு குழு முந்திக்கொள்ளும் என்று பயந்துதான் சொல்லவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த மற்றக் காரணங்கள் எதையும் அவள் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். அவர் கத்துவார் என்றோ அழுவார் என்றோ எதிர்பார்த்து அவள் தலைகுனிந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றார்.

"பேப்பர்ல பாத்தீங்களா?"

"அது இப்பம் வந்தது. நான் சொல்லுதது நவம்பர் மாசம். உங்ககிட்ட வேல பாத்துதே ரெஹானான்னு ஒரு பொண்ணு, அது போன் பண்ணிச்சு. 'உங்களுக்கு மருந்து வேண்டாம் சார், உங்க ஒடம்புலயே மாத்து இருக்கு'ன்னுச்சு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, வேலை போயிரும்னும் சொல்லிச்சு."

விசாலாட்சி நிமிர்ந்தாள்.

"எனக்கு நம்பறதா வேண்டாமான்னு தெரியல. அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு, 'மேடத்துகிட்ட நேரா கேளுங்க சார், முகத்தப் பாத்துக் கேட்டா அவங்க மறைக்க மாட்டாங்க'ன்னு. அதுக்குத்தான் அன்னைக்கு முந்தின நாளே இறங்கி வந்து வராந்தாவுல நின்னேன். நீங்க ஒண்ணும் இல்லன்னுட்டீங்க." அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "சின்னப் பொண்ணு, எதையோ பாத்துட்டுத் தப்பா சொல்லுதுன்னு நெனச்சேன். எங்க அப்பாவ நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்லா. ரெண்டு பேர்ல யார நம்ப?"

"அந்தப் புள்ள போன்ல அழுதுச்சு" என்றாள் கோமதி. அதுவரை அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். "அழுதுக்கிட்டு யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நான் சொன்னேன். டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இவுக என்னையச் சத்தம் போட்டாவ."

இத்தனை நாளும் ஒரு செய்தியை மறைத்ததாகத்தான் விசாலாட்சி நினைத்திருந்தாள். செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அதை அவர் கையிலிருந்து பிடுங்கியது அவளுடைய வார்த்தை.

கோமதியே பேச்சைத் தொடர்ந்தாள். "சிவகாமிக்கு ஆனியில பதினெட்டு முடியுது. அதுக்குமேல அவளுக்குப் பாக்கலாம்னு சொல்லியிருந்தீங்க. கெட்டது மட்டும் வந்திருக்கா, இவுகளோட அந்தக் காவலும் சேந்து வந்திருக்கா, ரெண்டும் இல்லியான்னு பாக்கணும்."

"நான் பாக்கறேன். நானே பக்கத்துல இருந்து—"

"வேண்டாம்மா" என்றாள் கோமதி. "அந்தப் புள்ளயோட நம்பர் எங்ககிட்ட இருக்கு. பெங்களூருக்கே கூட்டிட்டுப் போறோம்."

ஆவுடையப்பன் மறுபடியும் பேருந்து நிலையம் வரை வந்தார். இருக்கை பிடித்துக் கொடுத்தார். வளைவில் தலை சுற்றும், முன்னாலேயே உட்காருங்கள் என்றார்.

கோயம்புத்தூர் திரும்பியதும் விசாலாட்சி, கட்டுரையை வெளியிட்ட இதழுக்குத் தேதிகளோடு ஒரு கடிதம் எழுதினாள். கண்டுபிடித்த நாள், அவர் கேட்ட நாள், தான் சொன்ன பதில், மருந்து கொடுத்த நாள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கும் அதே கடிதத்தை அனுப்பினாள். விசாரித்தார்கள். துறைத் தலைமையிலிருந்து விலக்கினார்கள். "இவ்வளவு விவரமா நீங்களே எழுதியிருக்க வேண்டியதில்லை" என்று குழுவில் ஒருவர் தனியாக வந்து சொன்னார். காவல் மரபணு இருக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் அவளே போன் செய்து சொன்னாள். சைக்கிள் ஓட்டும் பெரியவர், "எனக்கு வராதுன்னு எனக்குத் தெரியுமே" என்றார். ரெஹானாவுக்கு ஒரு நீண்ட மடல் எழுதி, அனுப்பவும் செய்தாள். "படித்தேன் மேடம்" என்று ஒரு வரி பதில் வந்தது.

ஆடி பிறந்து சில நாளில் ஆவுடையப்பனிடமிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. அவருடைய அப்பாவைப் போலவே அழகான கையெழுத்து. ஆய்விலிருந்து தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், முப்பத்தெட்டாம் எண் ரத்தத்தை அழித்துவிடும்படியும் முறைப்படி எழுதியிருந்தார். கீழே, கொஞ்சம் இடம் விட்டு:

"டாக்டரம்மாவுக்கு, சிவகாமிக்கு ரத்தம் எடுத்தாயிற்று. ரெஹானா கூடவே இருந்தது. நல்ல செய்தியாக இருந்தால் சொல்கிறேன்."

விசாலாட்சி உறைபெட்டியைத் திறந்து அந்தக் குப்பிகளைத் தன் கையாலேயே எடுத்தாள். அழித்ததற்கான பதிவேட்டில் கையெழுத்திட்டாள்.

பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆவணி முடிந்தது. புரட்டாசியும் ஐப்பசியும் போயின. நல்ல செய்தி இல்லையா, அல்லது இருந்தும் அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டார்களா என்பது தெரியவில்லை. கேட்டால் ரெஹானா சொல்லிவிடுவாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. ஆனால் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று விசாலாட்சி முடிவு செய்திருந்தாள். தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். அந்த நேரத்தில் அவள் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.